கணுவுக்குள் போகும் வழியும், போனபின் நிற்கும் இடமும்

லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களில் தோன்றும் புற்றுக்கு லிம்ஃபோமா என்று பெயர், அதில் ஒரு வகை ஹாட்ஜ்கின். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா உள்ள ஒரு நிணநீர்க்கணுவை நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், புற்று செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆந்தைக் கண் மாதிரி இரண்டு கருக்களோடு பருத்து நிற்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல், நூற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மீதி முழுக்க டி செல், பி செல், ஈசினோஃபில், மேக்ரோஃபேஜ், பிளாஸ்மா செல் என்று நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆட்கள். அந்தப் பெரிய செல்லைச் சுற்றிச் சின்னச் சின்ன டி செல்கள் பூவிதழ் போல ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். ரோசெட் என்பார்கள். ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். கொல்வதில்லை.

மார்பகம், கணையம், குடல் போன்ற உறுப்புகளின் கட்டிகளைப் படித்துவிட்டு லிம்ஃபோமாவுக்கு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அங்கே பெரிய கேள்வி, டி செல் உள்ளே நுழைந்ததா இல்லையா என்பது. நுழைந்திருந்தால் ‘சூடான’ கட்டி, இல்லாவிட்டால் ‘குளிர்ந்த’ கட்டி. லிம்ஃபோமாவில் இந்தப் பிரிவினை பாதிதான் உதவும். ஏனென்றால் கட்டி வளர்ந்திருப்பதே டி செல்லும் பி செல்லும் நாள்தோறும் வந்து போகிற வீட்டுக்குள். வாசல் ஏற்கெனவே இருக்கிறது, பாதையும் இருக்கிறது. யார் வருகிறார்கள், வந்தவர்கள் எந்த அறையில் நிற்கிறார்கள், நின்ற இடத்தில் எதிரியை அடையாளம் காண முடிகிறதா என்பவைதான் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள். அதைப் புரிந்துகொள்ள, முதலில் நோயில்லாத கணுவுக்குள் ஒரு செல் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

ரத்தத்திலிருந்து கணுவுக்கு

1950-களின் இறுதி வரை, டி செல், பி செல் இரண்டுக்கும் பொதுப்பெயரான லிம்ஃபோசைட்டைப் பற்றி உருப்படியாக யாருக்கும் எதுவும் தெரியாது. கொஞ்ச நாள் ரத்தத்தில் ஓடிவிட்டு அழிந்துபோகும் செல் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ், எலியின் மார்பு நிணநீர்க் குழாயில் மெல்லிய குழலைச் செருகி, வடிகிற நிணநீரைச் சேகரித்தார். சில நாட்களில் வடியும் செல்களின் எண்ணிக்கை சரிந்தது. வடிந்த செல்களையே திரும்ப ரத்தத்தில் ஏற்றியதும் எண்ணிக்கை மீண்டது. புதிதாகப் பிறந்து வந்துகொண்டிருந்தால் அப்படிச் சரிந்திருக்காது. அதே செல்கள்தான் ரத்தம், கணு, நிணநீர், மறுபடி ரத்தம் என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவானது. 1964-ல் அவரும் சக ஆய்வாளர் நைட்டும், கதிரியக்க அடையாளமிட்ட செல்களை வைத்து, கணுவுக்குள் நுழையும் வாசல் எது என்பதையும் காட்டினார்கள்.

அந்த வாசலுக்கு உயர் எண்டோதீலிய நுண்சிரை என்று பெயர். ஆய்வகங்களில் ஹெச்இவி என்றுதான் சொல்வார்கள். மற்ற ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள் ஓடு பதித்ததுபோலத் தட்டையாக இருக்கும். இங்கே மட்டும் கொழுத்து, கனசதுரமாக, குழாயின் உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும். சாதாரண சாயத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். சந்தேகமிருந்தால் மெக்கா-79 என்ற ஆன்டிபாடி இருக்கிறது, அது இந்தச் சுவரின் சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகளை மட்டும் பிடிக்கும்.

அந்தச் சர்க்கரைகளில்தான் முதல் படி நடக்கிறது. ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகும் லிம்ஃபோசைட்டின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றின் நுனியில் எல்-செலக்டின் என்ற புரதம். அது சுவரின் சர்க்கரையைப் பிடிக்கும், விடும், அடுத்ததைப் பிடிக்கும். செல் சுவரோரமாக உருளத் தொடங்கும். இந்தப் பிடிமானத்துக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. ஓட்டத்தின் இழுப்பு ஓரளவு இருந்தால்தான் பிடி நிற்கும், ஓட்டம் நின்றால் செல் கழன்று விலகிவிடும். 1996-ல் இது வெளியானபோது ஆய்வகங்களில் பலருடைய பழைய தோல்விகளுக்கு விளக்கம் கிடைத்தது. ஓட்டமே இல்லாத தட்டில் செல்லைக் கொட்டிவிட்டு ‘ஒட்டவில்லை’ என்று முடிவெழுதியவர்கள் அதுவரை நிறையப் பேர்.

உருளும்போது செல் சுவரைத் தடவிப் பார்க்கிறது. சுவரில் சிசிஎல்21 என்ற கீமோகைன் ஒட்டியிருக்கும். கீமோகைன்கள் சிறிய புரதங்கள். கரைந்து மிதந்தால் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், அவை சுவரின் ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலிகளில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். செல்லில் அதற்குரிய வாங்கியான சிசிஆர்7 இருந்தால், செய்தி ஜி-புரதம் வழியாக உள்ளே பாயும். ஒரு நொடிக்குள், அதுவரை மடங்கிக் கிடந்த எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின் நிமிர்ந்து விரிந்து, சுவரின் ஐகேம்-1-ஐ இறுக்கிப் பிடிக்கும். செல் நின்றுவிடும். பிறகு சுவர் செல்களுக்கு இடையிலோ, சில சமயம் ஒரு சுவர் செல்லைத் துளைத்துக்கொண்டோ, உருவை நசுக்கி உள்ளே போய்விடும்.

இந்த நடுப்படியை அறுத்தால் என்ன ஆகும் என்பதை இயற்கையே செய்து காட்டுகிறது. கக்குவான் இருமல் கிருமியின் நச்சு, சரியாக அந்த ஜி-புரதத்தைத்தான் முடக்கும். கக்குவான் வந்த குழந்தையின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை எகிறிப்போவது அதனால்தான். செல்கள் கூடுதலாக உற்பத்தியாவதைவிட, ரத்தத்தை விட்டு வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதே முக்கியக் காரணம். ஆய்வகத்தில் இடம்பெயர்வைச் சோதிக்கும்போது கட்டுப்பாட்டுச் சோதனைக்கு இதே நச்சைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆக, ஒரு செல்லின் விலாசம் என்பது ஒற்றைச் சொல் கிடையாது. செலக்டின், கீமோகைன் வாங்கி, இன்டெக்ரின் மூன்றும் சேர்ந்த ஒரு கோவை. இதுவரை எந்த எதிரியையும் சந்திக்காத இளம் டி செல்லிடம் எல்-செலக்டின், சிசிஆர்7, எல்எஃப்ஏ-1 மூன்றும் இருக்கும், அது கணுவுக்குப் போகும். குடலுக்குப் போகும் செல்லிடம் ஆல்ஃபா4-பீட்டா7 இன்டெக்ரினும் சிசிஆர்9-ம் இருக்கும். தோலுக்குப் போவதிடம் சிஎல்ஏ என்ற சர்க்கரைக் குறியும் சிசிஆர்4-ம் இருக்கும். அழற்சி உள்ள இடத்துக்கு ஓடும் சண்டைக்கார செல்லிடம் சிஎக்ஸ்சிஆர்3 இருக்கும். அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் இடத்தில் உண்டாகும் சிஎக்ஸ்சிஎல்9, 10, 11 என்ற கீமோகைன்கள் அதை இழுக்கும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. டி செல் கொலைகாரனாகப் பயிற்சி பெற்றதும் எல்-செலக்டினையும் சிசிஆர்7-ஐயும் கழற்றிவிடுகிறது. கணுவை விட்டு வெளியேறி உடம்பில் எங்கோ இருக்கும் எதிரியைத் தேட வேண்டும் என்பதால் அது சரியான ஏற்பாடுதான். எதிரியே கணுவுக்குள் இருந்தால்? கொல்லத் தெரிந்த செல்லிடம் கணுவின் சாவி இருக்காது. ரத்தத்தில் உள்ள இயற்கைக் கொல்லி செல்களிலும் இதே கதை. அவற்றில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, நன்றாகக் கொல்லத் தெரிந்த வகை. ஆனால் சிசிஆர்7 இல்லாத வகை. கணு வீங்கி அழற்சியில் இருந்தால் சிஎக்ஸ்சிஆர்3 வழியாகச் சண்டைக்கார டி செல்கள் நுழைய முடியும் என்பது 2007 வாக்கில் எலிகளில் காட்டப்பட்டது. அந்தப் பக்கவாசல் திறக்கிறதா என்பதுதான் பல லிம்ஃபோமாக்களில் நிலைமையைத் தீர்மானிக்கிறது.

உள்ளே போனபின்

கணுவுக்குள் தெருக்கள் உண்டு. வலைநார் செல்கள் பின்னிய சட்டகத்தின்மேல் டி செல் ஊர்ந்து போகும், நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 12 மைக்ரான். பி செல் அதில் பாதி வேகம். டி செல்கள் தங்கும் பகுதியில் சிசிஎல்19-ம் 21-ம் சுரக்கும். பி செல்களின் உருண்டைகளான ஃபாலிக்கிள்களில் சிஎக்ஸ்சிஎல்13 சுரக்கும், அதற்குரிய வாங்கி சிஎக்ஸ்சிஆர்5. டி செல் அரை நாள், ஒரு நாள் சுற்றிப் பார்க்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் வெளியேறிவிடும். வெளியேறவும் ஒரு விலாசம் வேண்டும்: ஸ்ஃபிங்கோசின்-1-ஃபாஸ்ஃபேட் என்ற கொழுப்பு மூலக்கூறு, ரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், திசுவுக்குள் குறைவு. குறைவிலிருந்து அதிகத்தை நோக்கிச் செல் நகர்ந்து போய்விடும். இந்தக் கதவைச் சாத்தும் மாத்திரைதான் ஃபிங்கோலிமோட். மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் குறைந்திருக்கும், செத்துப்போய் அல்ல, கணுக்களில் அடைபட்டு.

உடம்பின் மொத்த லிம்ஃபோசைட்டுகளில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருப்பது சுமார் 2 சதவீதம்தான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எண்ணை வைத்துக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிப்பவர்கள், பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்கிறார்கள். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

மூன்று கட்டிகள், மூன்று வரைபடங்கள்

ஃபாலிகுலர் லிம்ஃபோமாவை எடுத்துக்கொள்வோம். 14-ஆவது, 18-ஆவது குரோமோசோம்களுக்கிடையே துண்டு மாறி, பிசிஎல்2 என்ற சாவுத்தடுப்பு மரபணு ஓயாமல் இயங்கும் பி செல்கள் இவை. கணுவின் அமைப்பை இந்தக் கட்டி அழிப்பதில்லை, காப்பியடிக்கிறது. ஃபாலிக்கிள் போன்ற உருண்டைகள், அவற்றுக்குள் சிஎக்ஸ்சிஎல்13 சுரக்கும் செல்கள், எல்லாம் அப்படியே. எனவே சிஎக்ஸ்சிஆர்5 உள்ள டி செல் தடையில்லாமல் உருண்டைக்குள் நுழையும். அப்படி நுழைபவை ஃபாலிக்கிள் உதவி டி செல்கள். அவற்றின் தொழிலே பி செல்லை வளர்ப்பது. சிடி40 என்ற வாங்கி வழியாகவும் இன்டர்லூக்கின்-4 என்ற செய்திப் புரதம் வழியாகவும் புற்று செல்லுக்கு ஊட்டம் கொடுக்கின்றன. கொல்லத் தெரிந்த சிடி8 டி செல்களில் பெரும்பாலானவற்றிடம் சிஎக்ஸ்சிஆர்5 கிடையாது. அவை உருண்டைகளுக்கு வெளியே, இடைவெளிகளில் நின்றுகொண்டிருக்கும். சில நூறு மைக்ரான் தள்ளித்தான். ஆனாலும் வேறு நாட்டில் இருப்பதுபோலத்தான்.

இந்த நோயாளிகளின் ஆயுளைப் புற்று செல்லைவிடச் சுற்றியிருக்கும் செல்களே அதிகம் தீர்மானிக்கின்றன என்பதை 2004-ல் வந்த ஒரு மரபணு வெளிப்பாட்டு ஆய்வு காட்டியது. டி செல்களின் தடயம் மிகுந்த ஒரு கையொப்பம் (சேர்ந்து இயங்கும் மரபணுக்களின் தொகுப்பு) நல்ல முடிவோடும், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல்களின் தடயம் மிகுந்த இன்னொன்று மோசமான முடிவோடும் போயின. பிறகு இதையே திசுச்சீவலில் செல்களை எண்ணிப் பார்த்து உறுதிசெய்ய முயன்றவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. உருண்டைக்குள் இருக்கும் டி செல்லையும் வெளியே நிற்பதையும் ஒரே கணக்கில் சேர்த்தால், உதவி செய்பவரையும் எதிர்ப்பவரையும் கூட்டிச் சராசரி எடுத்ததாகத்தான் ஆகும்.

பரவிய பெரிய பி செல் லிம்ஃபோமா வேறு சாதி. இது அமைப்பைத் துடைத்துவிடும். தெருக்களும் உருண்டைகளும் கலைந்து, பெரிய செல்கள் பாய் விரித்தாற்போல் பரவிக் கிடக்கும். ஆனால் இதன் முக்கிய உத்தி வழியை மறிப்பது என்று நான் நினைக்கவில்லை. டி செல் வந்து நின்றாலும் பார்க்க ஒன்றும் இல்லாமல் செய்வதுதான். டி செல் எதிரியை அடையாளம் காண, அந்த செல் தன் மேற்பரப்பில் எம்ஹெச்சி முதல் வகைத் தட்டில் புரதத் துணுக்கை ஏந்திக் காட்ட வேண்டும். அந்தத் தட்டுக்கு முட்டுக்கொடுக்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு, இந்த லிம்ஃபோமாக்களில் அடிக்கடி உடைந்து கிடப்பதை 2011-ல் கண்டார்கள். கூடவே சிடி58-ம். கொல்லி செல்கள் எதிரியை இறுக்கிப் பிடிக்கும் கைப்பிடி அது. தட்டு மட்டும் போனால் இயற்கைக் கொல்லி செல் சந்தேகப்பட்டுத் தாக்க வரும், கைப்பிடியும் போனால் அதற்கும் பிடி கிடைக்காது. இரண்டும் சேர்ந்தே போவது எவ்வளவு கச்சிதமான தற்காப்பு என்று பாருங்கள்.

இதே கட்டியின் ஒரு பிரிவில், புற்று செல்லின் சொந்த விலாசமே கிழிபடுகிறது. ஃபாலிக்கிளுக்குள் பி செல்கள் பெருகும் இடமான வளர்மையத்தில், பி செல்லை நடுவே கட்டிப்போடுவது எஸ்1பிஆர்2 என்ற வாங்கியும், அதன் செய்தியை உள்ளே கடத்தும் ஜிஎன்ஏ13-ம். இவற்றில் சடுதிமாற்றம் வந்தால் கட்டு அவிழ்கிறது. எலிகளில் ஜிஎன்ஏ13-ஐ நீக்கியபோது, வளர்மைய பி செல்கள் நிணநீரிலும் ரத்தத்திலும் போய் நின்றதை 2014-ல் காட்டினார்கள். எங்கும் போகக்கூடாத செல் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது.

இனி ஹாட்ஜ்கின். இங்கே புற்று செல் தானே அழைப்பு அனுப்புகிறது. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் சிசிஎல்17 என்ற கீமோகைனை ஏராளமாகச் சுரக்கும். அதற்குரிய வாங்கியான சிசிஆர்4, அடக்கும் வகை டி செல்களிலும், ஒவ்வாமை பாணி உதவி டி செல்களிலும் இருக்கிறது. கொல்லி வகைகளில் குறைவு. அழைப்பிதழில் பெயர் பார்த்துத்தான் விருந்தாளிகள் வருகிறார்கள். ரத்தத்தில் இந்த சிசிஎல்17 அளவு நோயோடு ஏறி, சிகிச்சையில் இறங்குவதால், சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அதை அளக்கிறார்கள். 9-ஆவது குரோமோசோமின் 9பி24.1 பகுதி பெருகி, பிடி-எல்1 என்ற நிறுத்தக்குறி செல்லின் மேல் மண்டிக் கிடக்கும். வந்து ஒட்டும் டி செல் அதைத் தொட்டு அடங்கிப்போகும்.

அதனால்தான் அந்த நிறுத்தக்குறியை மறைக்கும் நிவோலுமாப் மருந்து இங்கே அப்படி வேலை செய்தது. 2015-ல் வெளியான முதல் ஆய்வில், பல சிகிச்சைகள் தோற்றுப்போன 23 ஹாட்ஜ்கின் நோயாளிகளில் 87 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதே மருந்தைப் பரவிய பெரிய பி செல் லிம்ஃபோமாவில் கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டபோது, தன்செல் மாற்றுக்குப் (நோயாளியின் சொந்தத் தண்டு செல்களையே எடுத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை) பின் நோய் திரும்பியவர்களில் 10 சதவீதம், மாற்றுக்குத் தகுதியில்லாதவர்களில் 3 சதவீதம். இரண்டு கட்டியிலும் டி செல் இருக்கிறது. ஒன்றில் கை கட்டப்பட்டிருக்கிறது, மற்றதில் கண் கட்டப்பட்டிருக்கிறது. கையின் கட்டை அவிழ்க்கும் மருந்து கண்ணுக்கு உதவாது.

இன்னொரு சிறு குறிப்பு. ஹாட்ஜ்கினில் இந்த மருந்து கொடுத்துச் சில நாட்களிலேயே எடுத்த திசுக்களில், கொல்லி டி செல்கள் படையெடுத்து வந்த அடையாளம் தெரியவில்லை. ஆனால் புற்று செல்கள் மறைந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து புதிய ஆட்கள் வருவதைவிட, ஏற்கெனவே சுற்றி நின்று ஊட்டம் கொடுத்தவர்கள் கையை எடுத்ததுதான் முதலில் நடந்திருக்க வேண்டும் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன்.

எண்ணுவதில் நடக்கும் தவறுகள்

இடம்பெயர்வை ஆய்வகத்தில் அளக்கும் எளிய வழி டிரான்ஸ்வெல். ஐந்து மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வுக் கிண்ணத்தை, 24 குழித் தட்டின் குழிக்குள் தொங்கவிட வேண்டும். கீழே 600 மைக்ரோலிட்டரில் கீமோகைன், மேலே 100 மைக்ரோலிட்டரில் செல்கள். 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, கீழே இறங்கிய செல்களை எண்ண வேண்டும். கேட்க எளிது, கெடுக்க அதைவிட எளிது.

மூன்று மைக்ரான் துளை வாங்கினால் ஓய்வில் இருக்கும் லிம்ஃபோசைட்டே திணறும். எட்டு மைக்ரான் வாங்கினால் அழைக்காமலே விழும். கிண்ணத்தின் அடியில் காற்றுக்குமிழி மாட்டினால் அந்தக் குழியில் பூஜ்ஜியம் வரும், அதைப் பார்த்து மருந்து தடுத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கிண்ணத்தைச் சாய்த்து மெதுவாக இறக்கினால் குமிழி வராது. கீமோகைன் கூடக் கூட இடம்பெயர்வு கூடிக்கொண்டே போகாது. ஓர் அளவில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் குறையும். எல்லா வாங்கிகளும் நிரம்பிவிட்டால் எந்தப் பக்கம் அதிகம் என்று செல்லுக்குத் தெரியாது. எனவே ஒரே அளவை வைத்துச் சோதித்துவிட்டு ‘இந்த செல் பதிலளிக்கவில்லை’ என்று எழுதுவது தவறு. பத்து மடங்கு இடைவெளியில் மூன்று அளவாவது வேண்டும். மேலும் கீழும் ஒரே அளவு கீமோகைன் வைத்த குழிகளும் வேண்டும். அதிலும் செல்கள் இறங்கினால், அவை திசையறிந்து போகவில்லை, பதற்றத்தில் அலைகின்றன என்று பொருள்.

செல்லைத் தயாரிக்கும்போதே விலாசம் தொலைந்துவிடுவதும் உண்டு. எல்-செலக்டின் செல்லின் மேலிருந்து வெட்டுப்பட்டு உதிரும் புரதம். தூண்டினால் உதிரும், உறைய வைத்து உருக்கினாலும் குறையும். உறைபெட்டியிலிருந்து எடுத்த செல்லில் அது இல்லை என்றால், நோயாளியின் உடம்பிலும் இல்லை என்று சொல்ல முடியாது. திசுவைக் கரைக்கப் பயன்படும் நொதிகள் சில மேற்பரப்புப் புரதங்களை மேய்ந்துவிடும். அதே நொதியில் நனைத்த ரத்த செல்களை ஒப்பீட்டுக்கு வைத்தால்தான் எது உண்மை என்று தெரியும். சிசிஆர்7-க்கான ஆன்டிபாடியைப் பனிக்கட்டியில் வைத்து ஏற்றினால் மங்கலாக வரும், 37 டிகிரியில் ஏற்றினால் துலங்கும்.

எலிச் சோதனையில் பெரிய பொறி வேறு. கட்டியை வெட்டி எடுத்து அரைத்து எண்ணும்போது, அதன் ரத்தக்குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த செல்களும் கணக்கில் சேரும். ‘ஊடுருவியவை’ என்று எழுதியதில் ஒரு பங்கு, வாசலைத் தாண்டாதவை. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. உயிர் பிரிப்பதற்கு மூன்று நிமிடம் முன், எல்லா வெள்ளையணுக்களிலும் ஒட்டும், ஒளிரும் சிடி45 ஆன்டிபாடியை வால் சிரையில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்துக்குள் அது குழாய்க்குள் இருக்கும் செல்களை மட்டும் தொடும். ஒளிர்ந்தால் ரத்தத்தில் இருந்தது, ஒளிராவிட்டால் திசுவுக்குள் போய்விட்டது. நேரத்தை நீட்டினால் ஆன்டிபாடி கசிந்து எல்லாவற்றையும் ஒளிர வைத்துவிடும்.

மனிதத் திசுவில் அந்த வசதி இல்லை. ஊசியால் எடுத்த திசுத்துண்டில் சிடி8 எண்ணிக்கை அதிகம் என்று அறிக்கை வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: அவை வந்தவையா, இருந்தவையா? கணுவின் ஓரத்தில் இன்னும் அழியாமல் மிஞ்சியிருக்கும் பழைய டி செல் பகுதியை ஊசி தொட்டிருந்தால், எண்ணிக்கை வானத்துக்குப் போகும். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. முடிந்தவரை முழுக்கணுவை எடுத்துப் பார்ப்பது நல்லது என்று நோயியலாளர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நடக்கும் இன்னொரு தவறு, திசு எடுக்கும் முன் ஸ்டீராய்டு கொடுத்துவிடுவது. லிம்ஃபோமா செல்களும் சாகும், சுற்றியிருப்பவையும் கலையும். மூளை லிம்ஃபோமாவில் இப்படி அவசரப்பட்டால் நோயின் பெயரே தெரியாமல் போவதுண்டு.

சிகிச்சையில் இது எங்கே இடிக்கிறது

கார்-டி செல் சிகிச்சையில் நோயாளியின் டி செல்லை எடுத்து, பி செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும் செயற்கை வாங்கியைப் பொருத்தி, பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். எம்ஹெச்சி தட்டு தேவையில்லை, எனவே கண்கட்டு வித்தை இங்கே பலிக்காது. ஆக்ஸிகாப்டஜீன் என்ற வகை 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் கார்-டி செல்கள், உச்ச வரம்பு 20 கோடி. ஏற்றுவதற்கு ஐந்து, நான்கு, மூன்று நாட்கள் முன்பு ஃப்ளூடராபின் சதுரமீட்டருக்கு 30 மில்லிகிராமும், சைக்ளோஃபாஸ்ஃபமைட் 500 மில்லிகிராமும் கொடுத்து, இருக்கிற லிம்ஃபோசைட்டுகளைக் குறைத்து இடம் உண்டாக்குவார்கள்.

ஏற்றிய செல்கள் நேராகக் கட்டிக்குப் போவதில்லை. முதலில் நுரையீரலில் சிக்கும். பெருக்கித் தூண்டிய டி செல் பருத்திருக்கும், விறைத்திருக்கும், இன்டெக்ரின்கள் விரிந்திருக்கும். நுரையீரலின் நுண்குழாய்கள் அதைவிடக் குறுகலானவை. சில மணி நேரத்தில் அங்கிருந்து விடுபட்டுக் கல்லீரல், மண்ணீரல் பக்கம் சேரும். ரத்தத்தில் அவை உச்சத்தைத் தொடுவது ஒன்று, இரண்டு வாரங்களில். இங்கேதான் பழைய முரண் மறுபடி தலைகாட்டுகிறது. ஆய்வகத்தில் அதிக நாள் பெருக்கினால் எண்ணிக்கை கூடும், கொல்லும் திறனும் கூடும், ஆனால் சிசிஆர்7-ம் எல்-செலக்டினும் போய்விடும். அவை உள்ள இளம் செல்கள் அதிகம் இருக்கும் தயாரிப்புகள் நன்றாக வேலை செய்வதற்கு, அவை நீண்ட நாள் பெருகும் என்பது முதல் காரணம். கணுவுக்குள் போகத் தெரிந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்று சேர்ந்த இடத்தில் கட்டி உடனே சுருங்கும் என்று எதிர்பார்ப்பது ஆபத்து. முதலில் வீங்கலாம். ஒரு கார்-டி செல் சிடி19-ஐத் தொட்டதும் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும். அதனால் சிஎக்ஸ்சிஎல்9, 10 உண்டாகி, சாதாரண டி செல்களும் மற்றவையும் திரண்டு வரும். கட்டியில் அப்போது எடுத்த திசுவில் கார்-டி செல்கள் சிறு பங்குதான், பெருங்கூட்டம் பின்னால் வந்தவர்களுடையது. மூச்சுக்குழாயை ஒட்டியோ குரல்வளைக்குப் பக்கத்திலோ கட்டி இருந்தால், இந்த வீக்கம் மூச்சை அடைக்கும். அதை முன்கூட்டியே படத்தில் குறித்து வைத்துக்கொள்வது மருத்துவக் குழுவின் வேலைகளில் ஒன்று.

இருமுனை ஆன்டிபாடிகளில் செல்லை வெளியே எடுப்பதே இல்லை. ஒரு முனை டி செல்லின் சிடி3-ஐயும், மறுமுனை புற்று செல்லின் சிடி20-ஐயும் பிடிக்கும். அங்கே ஏற்கெனவே நிற்கும் டி செல்லையே வேலைக்கு இழுக்கும் உத்தி இது, லிம்ஃபோமாவில் இது நன்றாகப் பலிப்பதற்குக் காரணமும் கணு டி செல்கள் நிறைந்த வீடு என்பதுதான். ஒரேயடியாக முழு அளவு கொடுத்தால் எல்லா டி செல்களும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கிவிடும் என்பதால் படிப்படியாக ஏற்றுவார்கள். குளோஃபிட்டமாபில் முதலில் ஒபினுட்டுசுமாப் 1000 மில்லிகிராம் கொடுத்து ரத்தத்திலுள்ள பி செல்களைக் குறைப்பார்கள். ஒரு வாரம் கழித்து 2.5, பிறகு 10, பிறகு 30 மில்லிகிராம். எப்கோரிட்டமாபில், பரவிய பெரிய பி செல் லிம்ஃபோமாவுக்கு, 0.16, 0.8, பிறகு 48 மில்லிகிராம்.

முதல் ஊசி போட்ட மறுநாள் ரத்தப் பரிசோதனையில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை அதலபாதாளத்தில் இருக்கும். தூண்டப்பட்ட டி செல்களின் இன்டெக்ரின்கள் விரிந்து, அவை குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, திசுக்களுக்குள் போய்விட்டதன் விளைவு. சில நாட்களில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், திரும்பி வரும்.

இதற்கு நேர் எதிரான காட்சி இப்ரூட்டினிப் மாத்திரையில். நாள்பட்ட லிம்ஃபோசைட் புற்றிலும் மேன்டில் செல் லிம்ஃபோமாவிலும் கொடுக்கப்படும் இந்த மருந்து பிடிகே என்ற நொதியைத் தடுக்கும். புற்று செல் கணுவில் தங்கியிருக்கத் தேவையான இன்டெக்ரின் பிடியும் கீமோகைன் செய்தியும் அந்த நொதியை நம்பி இருப்பவை. பிடி தளர்ந்ததும் செல்கள் கணுவை விட்டு ரத்தத்தில் கொட்டும். கழுத்துக் கட்டி கையால் தடவினாலே சுருங்கியது தெரியும், ரத்தத்தில் எண்ணிக்கையோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். மருந்து தொடங்கிய காலத்தில் இதை நோய் முற்றியதாக எண்ணி நிறுத்திவிடும் அபாயம் இருந்தது. அதனால்தான் சிகிச்சையின் பலனை அளக்கும் விதிகளிலேயே, ‘லிம்ஃபோசைட் உயர்வுடன் கூடிய பகுதிக் குணம்’ என்று தனி வகை சேர்க்க வேண்டிவந்தது. அந்த உயர்வு சிலருக்கு வாரக்கணக்கில் இறங்கும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். கணு சுருங்கி, ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் மேலேறிக்கொண்டிருந்தால், மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.